நீரில் இறங்காமல் நீச்சல் கற்க இயலுமா?

தொடக்கப் பள்ளியில் குணநலன் வளரும் வழி

நீச்சற் பள்ளி ஒன்றில் நடந்த நிகழ்ச்சியை ஜான் டூயி என்னும் அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1909-ஆம் ஆண்டில் எழுதிய நூலொன்றில் எடுத்துரைக்கின்றார். அப்பள்ளியில் பயின்ற இளைஞர்கள் தண்ணீரில் இறங்கவே இல்லை. நீந்துவதற்குத் தேவையான அசைவுகள் ஒவ்வொன்றையும் தரையிலேயே மீண்டும் மீண்டும் செய்து பயின்றார்கள். அவ்வாறு பயிற்சி முடித்த ஒருவனை நோக்கி, உண்மையில் தண்ணீரில் இறங்கியபோது என்ன செய்தாய் என்று வினவினார்களாம். மூழ்கிப் போனதாக அவன் சுருக்கமாக விடை கூறினான். இது கட்டுக்கதையன்று, உண்மையில் நடந்ததே என்றும் டூயி உறுதி கூறுகின்றார்.

கேட்பதற்கு நகைப்பாக இருக்கின்றது. ஆனால் நம் பிள்ளைகளுக்கு நாம் அளித்து வரும் ஒழுக்கப் பயிற்சி எத்தகையது என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். வாரத்தில் ஒருமுறை நீதிபோதனை வகுப்பு நடக்கின்றது. உண்மை பேசு, பிறருக்கு உதவு, நேர்மையாய் நட என்று ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக் கொள்கின்றனர். அதே பிள்ளைகள் அடுத்த மணி நேரத்தில், பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடாதபடி விடைத்தாளைக் கையால் மறைத்துக் கொண்டு தேர்வு எழுதுகின்றனர். ஒழுக்கத்தைத் தரையில் நின்று கற்பிக்கின்றோம். வாழ்க்கை என்னும் நீரில் இறங்க வேண்டிய வேளையில் அவர்கள் மூழ்கினால் வியப்படைகின்றோம்.

அப்படியானால் சிறுவர் சிறுமியரின் குணநலனைப் பள்ளியால் வளர்க்க இயலுமா, இயலாதா? இவ்வினாவிற்கு விடை காண அமெரிக்காவில் இருவேறு முயற்சிகள் நடந்தன. ஒன்று, டூயி தாமே நடத்திய ஒரு சிறு பள்ளி. மற்றொன்று, ஏறக்குறைய பதினோராயிரம் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி. இரண்டும் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டியவை.

சிக்காகோவில் ஒரு புதுமைப் பள்ளி

ஜான் டூயி 1859-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர். 1894-இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். வேதியியல் ஆராய ஓர் ஆய்வுக்கூடம் தேவைப்படுவது போலக் கல்வியை ஆராயவும் ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்பது அவர் கருத்து. எனவே 1896-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பதினாறு பிள்ளைகளுடன் ஒரு தொடக்கப் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய துணைவியார் ஆலிஸ் டூயி பிற்பாடு அதன் தலைமை ஆசிரியையாகப் பணிபுரிந்தார். 1902-இல் அங்கே 140 பிள்ளைகள் பயின்றனர்.

பள்ளிக்கு மேசை நாற்காலி வாங்கச் சென்றபோது நேர்ந்த அனுபவத்தை டூயி சுவைபட எழுதியுள்ளார். நகரின் கடைகளில் எங்குத் தேடியும் அவர் மனத்திற்கு ஏற்றவை கிடைக்கவில்லை. அவர்களுள் விவரம் அறிந்த ஒரு வணிகர் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார். பிள்ளைகள் வேலை செய்வதற்கான மேசைகளை அல்லவா தாங்கள் கேட்கின்றீர்கள், எங்களிடம் இருப்பவையெல்லாம் கேட்டுக் கொண்டு உட்கார்ந்திருப்பதற்கானவை என்ற பொருள்பட அவர் கூறினாராம். அக்காலப் பள்ளிகளின் தன்மையை அவ்வணிகரைப் போல எந்த அறிஞரும் அத்துணைச் சுருக்கமாக விளக்கியதில்லை எனலாம்.

டூயியின் பள்ளியில் சமையல், தையல், நெசவு, தச்சு வேலை ஆகியவை பாடத்திட்டத்தின் நடுநாயகமாக விளங்கின. பிள்ளைகளைச் சமையற்காரர்களாகவோ தச்சர்களாகவோ ஆக்குவது நோக்கமன்று. மனித சமுதாயம் உணவையும் உடையையும் உறைவிடத்தையும் தேடிக் கொண்ட வரலாற்றைப் பிள்ளைகள் தம் கைகளாலேயே செய்து உணர வேண்டும் என்பதே நோக்கம்.

எடுத்துக்காட்டாக ஒன்றைக் கூறலாம். பிள்ளைகளிடம் ஆட்டு மயிரும் பருத்தியும் அப்படியே கொடுக்கப்பட்டன. ஒரு குழுவினர் அரை மணி நேரம் அமர்ந்து பருத்திக் காயிலிருந்தும் கொட்டையிலிருந்தும் பஞ்சைப் பிரித்தெடுத்தனர். முடிவில் நிறுத்துப் பார்த்தால் ஓர் அவுன்சு கூடத் தேறவில்லை. அதாவது முப்பது கிராமிற்கும் குறைவு! தம் முன்னோர் பருத்தியாடையை விட்டுக் கம்பளியாடையை ஏன் உடுத்தினர் என்பதற்கான காரணத்தை அப்பிள்ளைகள் புத்தகத்தில் படிக்கவில்லை. தம் விரல்களின் வலியிலிருந்து அறிந்து கொண்டனர். பருத்தி அரைவை இயந்திரம் ஏன் உலக வரலாற்றையே மாற்றியது என்பதும் அவர்களுக்கு எளிதில் விளங்கிற்று. வரலாறும் அறிவியலும் கணக்கும் ஒரு பிடிப் பஞ்சினுள் அடங்கியிருந்தன.

உதவி செய்வது குற்றமா?

இதற்கும் குணநலனுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு.

நாற்பது பிள்ளைகளும் ஒரே பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் வகுப்பை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒருவன் மற்றொருவனுக்குக் கொடுக்கத்தக்கது ஒன்றுமில்லை. ஒருவன் அறிந்ததை மற்றவனுக்குச் சொன்னால் அது 'காப்பி அடித்தல்' ஆகிவிடுகின்றது. அண்டை அயலானுக்கு உதவுவது எங்கும் நற்செயல். வகுப்பறையில் மட்டும் அது தண்டனைக்குரிய குற்றம்! இம்முரண்பாட்டை டூயி 1899-ஆம் ஆண்டிலேயே சுட்டிக் காட்டினார்.

ஆனால் பிள்ளைகள் கூடி ஒரு வேலையைச் செய்யும்போது நிலைமை தலைகீழாக மாறுகின்றது. ஒருவன் மாவை அளக்கின்றான். ஒருத்தி அடுப்பைக் கவனிக்கின்றாள். மற்றொருவன் இலை போட்டுப் பரிமாறுகின்றான். அங்கே ஒருவன் தன் பங்கைச் செய்யாவிடில் எல்லோருக்கும் உணவு தாமதப்படும். உப்பை அளவுக்கு மீறிப் போட்டவன் ஆசிரியரின் பிரம்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. உடன் உண்பவர்களின் முகத்தைப் பார்த்தாலே போதும். பொறுப்பு, பொறுமை, நேரம் தவறாமை, விட்டுக்கொடுத்தல் ஆகியவை தனிப் பாடங்களாக இல்லாமல் வேலையோடு வேலையாகப் பிள்ளைகளிடம் வந்து சேர்கின்றன.

அப்பள்ளியின் மூத்த மாணவர்கள் தங்கள் மன்றக் கூட்டங்கள் நடத்த இடமின்றித் தவித்தனர். தாங்களே ஒரு சிறு மன்றக் கட்டடம் எழுப்புவது என்று முடிவு செய்தனர். தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்து கிடந்த பிள்ளைகளை அவ்வேலை ஒன்று சேர்த்தது. ஒற்றுமை பற்றி நூறு சொற்பொழிவுகள் செய்ய இயலாததை ஒரு கூரை செய்து முடித்தது.

மூன்று கூறுகள்

நற்குணம் என்பது என்ன என்ற வினாவிற்கு டூயி தந்த விளக்கமும் சிந்திக்கத்தக்கது. அதனை மூன்று கூறுகளாக அவர் பிரித்தார்.

முதலாவது செயல் வலிமை. நல்லெண்ணம் மட்டும் போதாது. எண்ணியதை முடிக்கும் ஆற்றல் வேண்டும். நல்லதை விரும்பியும் எதையும் செய்து முடிக்காதவனை நற்குணமுடையவன் என்று எவ்வாறு கூறுவது?

இரண்டாவது சீர்தூக்கும் அறிவு. ஒரு சூழ்நிலையில் எது முக்கியம், எது அற்பம் என்று எடைபோடத் தெரிய வேண்டும். இது புத்தகத்தைப் படித்து ஒப்புவிப்பதால் வருவதன்று. தாமே தேர்ந்து, முயன்று, விளைவைக் கண்டு திருத்திக் கொள்ளும் வாய்ப்புப் பெற்ற பிள்ளைகளுக்கே இது வாய்க்கும்.

மூன்றாவது நெஞ்சின் ஈரம். பிறருடைய தேவையையும் துன்பத்தையும் தானாகவே உணரும் மென்மை இல்லாவிடில், வலிமையும் அறிவும் உடையவன் கொடியவனாகவும் ஆகக்கூடும்.

இம்மூன்றுள் நம் பள்ளிகள் எதனை வளர்க்கின்றன? மதிப்பெண் போட்டியின் தீமையையும் டூயி நுட்பமாக எடுத்துக்காட்டினார். ஓயாமல் ஒப்பிடப்படும் வகுப்பில், பின்தங்கிய பிள்ளை தன் ஆற்றலில் நம்பிக்கை இழக்கின்றது. முந்தி நிற்கும் பிள்ளையோ, தன் ஆற்றலை எண்ணி மகிழாமல், பிறரைவிடத் தான் மேலானவன் என்பதை எண்ணியே மகிழக் கற்றுக் கொள்கின்றது. ஆகவே இப்போட்டியால் தோற்றவனுக்கும் கேடு, வென்றவனுக்கும் கேடு.

பதினோராயிரம் பிள்ளைகளின் சோதனை

இவையெல்லாம் ஒரு தத்துவ ஞானியின் கருத்துகள். இவற்றுக்குச் சான்று உண்டா என்று சிலர் கேட்கக்கூடும்.

முதல் உலகப் போரின் காலத்திலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் அமெரிக்கப் பள்ளிகளில் ஒழுக்க விதிகளைப் பிள்ளைகளுக்குப் புகட்டும் இயக்கம் வேகமாகப் பரவிற்று. தன்னடக்கம், உடல்நலம், அன்பு, கடமை, வாய்மை முதலிய பத்து விதிகள் அடங்கிய ஒரு தொகுப்பு அக்காலத்தில் பெரும் பரிசு பெற்றுப் பள்ளிகள்தோறும் வழங்கியது. பிள்ளைகள் அவ்விதிகளைப் படித்தனர், ஒப்புவித்தனர், அவற்றுக்கெனச் சங்கங்களும் அமைத்தனர். இவற்றால் உண்மையிலேயே பயன் விளைந்ததா என்று கண்டறிய 1924-ஆம் ஆண்டு ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. அதனை நடத்தியவர்கள் ஹியூ ஹார்ட்ஷார்ன், மார்க் மே என்னும் இருவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியின் ஆதரவில் நடந்த இவ்வாராய்ச்சியின் முடிவுகள் 1928 முதல் 1930 வரை மூன்று பெரும் நூல்களாக வெளிவந்தன.

அவர்கள் பிள்ளைகளிடம் நீ நேர்மையானவனா என்று கேட்கவில்லை. அதற்கு என்ன விடை வரும் என்பது நமக்கும் தெரியுமே! மாறாக, ஏமாற்றுவதற்கு எளிய வாய்ப்புகளை அமைத்து, பிள்ளைகள் என்ன செய்கின்றனர் என்று கவனித்தனர். விடைத்தாள்களை வாங்கி இரகசியமாகப் பிரதி எடுத்து வைத்துக் கொண்டனர். பின்னர் விடைகளைக் கொடுத்து, உங்கள் தாளை நீங்களே திருத்துங்கள் என்று பிள்ளைகளிடம் தாள்களைத் திருப்பிக் கொடுத்தனர். யார் தம் விடையை மாற்றினார் என்பது பிரதியோடு ஒப்பிட்டதும் தெரிந்துவிடும். கண்களை மூடிக் கொண்டு தாளில் உள்ள சிறு வட்டங்களுக்குள் குறியிடச் சொன்னார்கள். எல்லாம் சரியாக அமைந்திருந்தால் கண்ணைத் திறந்து பார்த்ததாகவே பொருள். நாணயங்கள் இட்ட பெட்டிகளை விளையாட்டிற்கெனத் தந்து, நாணயம் எல்லாம் திரும்பி வருகின்றதா என்றும் பார்த்தனர். நேர்மையைச் சோதிக்கப் பிள்ளைகளை ஏமாற்றுவது முறைதானா என்று இக்கால ஆராய்ச்சியாளர் கேட்பர், அக்கேள்வி நியாயமானதே. ஆயினும் கிடைத்த உண்மைகள் புறக்கணிக்கத்தக்கவை அல்ல.

திடுக்கிட வைத்த முடிவுகள்

முதல் முடிவு: பிள்ளைகளை நேர்மையானவர், நேர்மையற்றவர் என்று இரண்டாகப் பிரிக்க இயலவில்லை. பெரும்பாலோர் சில வேளைகளில் நேர்மையாகவும், சில வேளைகளில் நேர்மையின்றியும் நடந்து கொண்டனர். தேர்வில் விடையை மாற்றிய பிள்ளை நாணயத்தைத் தொடவில்லை. நாணயத்தை எடுத்த பிள்ளை விளையாட்டில் நேர்மையாய் இருந்தது. சூழ்நிலை மாறினால் நடத்தையும் மாறிற்று. இம்முடிவு சற்று மிகையானது என்றும், அடித்தளமாக ஓரளவு நேர்மைப் பண்பு உண்டு என்றும், அதே புள்ளிவிவரங்களை 1963-இல் மீண்டும் ஆராய்ந்த ரோஜர் பர்ட்டன் எடுத்துக் காட்டினார். ஆயினும் சூழ்நிலையின் வலிமையை எவரும் மறுக்கவில்லை.

இரண்டாம் முடிவு இன்னும் கசப்பானது. எது சரி, எது தவறு என்று நன்கு அறிந்திருப்பதற்கும், அதன்படி நடப்பதற்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு காணப்படவில்லை. நேர்மையைப் பற்றிப் பேசுவதும் வற்புறுத்துவதும் மட்டும் நடத்தையை மாற்றிவிடவில்லை. ஒழுக்கப் பயிற்சிச் சங்கங்களில் சேர்ந்திருந்ததும் பெரிதாக உதவவில்லை. ஞாயிறு வகுப்புகளுக்குத் தவறாமல் வந்த பிள்ளைகளும், விட்டுவிட்டு வந்தவர்களும் இவ்வகையில் வேறுபடவில்லை. ஞாயிறுதோறும் மறைக்கல்வி நடத்தும் நாம் இதனை நம் மீது சாட்டப்பட்ட குற்றமாகக் கருதாமல், நமக்கு விடுக்கப்பட்ட அழைப்பாகக் கொள்வதே நன்று. வருகைப் பதிவேட்டில் அடையாளம் விழுவதால் மட்டும் உள்ளத்தில் அடையாளம் விழுந்துவிடாது.

மூன்றாம் முடிவே நமக்கு நம்பிக்கை ஊட்டுவது. ஒரே வகுப்புப் பிள்ளைகளின் நடத்தை ஒத்திருந்தது. சில வகுப்புகளில் ஏமாற்றுதல் மலிந்திருந்தது. சிலவற்றில் மிகக் குறைவு. ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நல்லுறவும் ஒத்துழைப்பும் நிலவிய வகுப்புகளில் வஞ்சகம் குறைந்தது. டூயி வகுத்த வழியைப் பின்பற்றிய புதுமுறைப் பள்ளிகளின் பிள்ளைகள், பழைய முறைப் பள்ளிகளின் பிள்ளைகளைவிடக் குறைவாகவே ஏமாற்றினர் என்றும் அவ்வாராய்ச்சி கூறிற்று. ஆசிரியரை எதிரியாகக் கருதும் வகுப்பில் அவரை ஏமாற்றுவது வீரமாகின்றது. தோழமை நிலவும் வகுப்பிலோ அது துரோகமாகின்றது.

கட்டுப்பாடு வேண்டாமா?

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். புதுமைக் கல்வி என்றால் பிள்ளைகளை மனம்போன போக்கில் விட்டுவிடுவது என்று பலர் எண்ணினர். அமெரிக்காவிலேயே பல பள்ளிகள் அவ்வாறு நடந்தும் கெட்டன. அதனைக் கண்டு வருந்திய டூயி, தம் முதுமையில், 1938-ஆம் ஆண்டு ஒரு சிறு நூல் எழுதினார். அதில் பழைய முறையாளரை மட்டுமன்றித் தம் பெயரைச் சொல்லிக் கொண்டு திட்டமின்றிப் பள்ளி நடத்தியவர்களையும் கடிந்துரைத்தார். அனுபவம் எல்லாம் கல்வியாகிவிடாது. பிள்ளையைக் குறுக்கிவிடும் அனுபவங்களும் உண்டு. எனவே ஆசிரியரின் பொறுப்புக் குறையவில்லை, கூடியிருக்கின்றது என்பதே அவர் வாதம்.

விளையாட்டைப் பாருங்கள். அங்கே விதிகள் இல்லையா? உண்டு. அவை இல்லாவிடில் விளையாட்டே இல்லை. ஆயினும் ஆடும் சிறுவன் அவ்விதிகளைத் தன்மேல் சுமத்தப்பட்ட நுகமாக எண்ணுவதில்லை. ஆட்டத்தின் பகுதியாகவே அவற்றை ஏற்றுக் கொள்கின்றான். வகுப்பறையின் கட்டுப்பாடும் அத்தகையதாக அமைய வேண்டும். வேலை கோரும் கட்டுப்பாட்டைப் பிள்ளை மனமுவந்து ஏற்கின்றது. பிரம்பு கோரும் கட்டுப்பாட்டைப் பிரம்பு மறைந்ததும் உதறிவிடுகின்றது.

நம்மால் இயலுமா?

140 பிள்ளைகளுக்கு இருபத்து மூன்று ஆசிரியர்களும் பத்து உதவியாளர்களும் இருந்த பள்ளி டூயியின் பள்ளி. அங்குப் படித்தவர்களுள் பெரும்பாலோர் கற்றோர் வீட்டுப் பிள்ளைகள். ஒரே அறையில் நாற்பது, ஐம்பது பிள்ளைகளோடு போராடும் நம் ஆசிரியர், இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று சொன்னால் அவரைக் குறை கூற இயலாது. டூயியும் 1904-இல் பல்கலைக்கழகத் தலைவரோடு ஏற்பட்ட பிணக்கால் சிக்காகோவை விட்டு வெளியேற நேர்ந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியேற்று நியூயார்க் நகரில் வாழ்ந்த அவர் 1952-இல் மறைந்தார். நம் நாட்டின் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் அவரிடம் பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. சிக்காகோவில் அவர் நிறுவிய பள்ளி இன்றும் நடந்து வருகின்றது.

ஆனால் அவர் வழியின் உயிர்நாடி பணத்திலோ கட்டடத்திலோ இல்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலும் பள்ளித் தோட்டத்தின் ஒரு பாத்தியை ஒரு குழுவிடம் ஒப்படைக்கலாம். விரைவில் கணக்கை முடித்த சிறுமியை, முடிக்க இயலாத தோழிக்கு விளக்கச் சொல்லலாம். அவ்வாறு விளக்குவதைக் குற்றமாக்காமல் கடமையாக்கலாம். பிள்ளைகளைத் தரவரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுவதை நிறுத்தலாம். சிறு தேர்வுகளின் தாள்களைப் பிள்ளைகளே திருத்தும்படி விட்டு, மதிப்பெண் குறைந்தவரைக் கடிந்து கொள்ளாமல் இருக்கலாம். உண்மையைச் சொன்னால் இழப்பு என்று பிள்ளை அஞ்சும் வகுப்பில் வாய்மை வளராது. இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை. ஆசிரியரின் மனமாற்றம் ஒன்றே தேவை.

பெற்றோரே! பள்ளியை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட இயலாது. மதிப்பெண் அட்டையைக் கையில் வாங்கியதும் நம் கண் எங்கே செல்கின்றது? எத்தனையாவது இடம் என்றுதானே முதலில் கேட்கின்றோம்? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை அறிந்து வரச் சொல்லி அனுப்புவதும் நாமே. பொய் சொல்லாதே என்று கற்பித்துவிட்டு, வாசலில் வந்து நிற்கும் கடன்காரரிடம் அப்பா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்வதும் நாமே. சொல் ஒரு பக்கம் இழுக்க, வீட்டின் நடைமுறை மறுபக்கம் இழுத்தால், பிள்ளை எப்பக்கம் செல்லும் என்பதை அந்தப் பதினோராயிரம் பிள்ளைகள் நமக்கு ஏற்கெனவே காட்டிவிட்டனர்.

வீட்டிலும் பிள்ளைக்குப் பொறுப்பான ஒரு வேலை இருக்கட்டும். அது செய்யாவிடில் குடும்பம் உண்மையிலேயே குறையுணரும் வேலையாக இருக்கட்டும். தண்ணீர்க் குடத்தை நிரப்புவதானாலும் சரி, தாத்தாவுக்கு நாளிதழ் படித்துக் காட்டுவதானாலும் சரி, தம்பியைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதானாலும் சரி. படிக்கிற பிள்ளைக்கு வேலை கொடுக்கலாமா என்று எண்ணி நாம் எல்லாவற்றையும் செய்து கொடுக்கும்போது, பிறருக்குப் பயன்படும் இன்பத்தை அப்பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகின்றோம்.

இன்று மாலை பள்ளியிலிருந்து திரும்பும் மகனிடம், எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன், இன்று வகுப்பில் யாருக்கு உதவினாய், உனக்கு யார் உதவினார் என்று கேட்டுப் பாருங்கள். அவன் மகிழ்ந்து விடை கூறினால் நல்லது. உதவினால் ஆசிரியர் அடிப்பார் என்று அவன் கூறுவானாயின், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நாம் எழுந்து பேச வேண்டியது எதைப் பற்றி என்பது நமக்குத் தெளிவாகிவிடும்.